ஆரணி வழியில் ஆறு முனைகள்

லீவுக்குக் கண்ணமங்கலம் வந்திருந்த அக்காள் மகன் மூன்று நாளாக மடிக்கணினியை விட்டு எழவில்லை. 'ஐரோப்பா யுனிவர்சாலிஸ் 4' என்று ஒரு விளையாட்டு. ஸ்வீடன் நாட்டு பாரடாக்ஸ் நிறுவனம் 2013-ல் வெளியிட்டது. 1444 நவம்பர் 11-ஆம் தேதியில் தொடங்கி 1821 வரை, அன்றைய உலகில் இருந்த ஏதாவது ஓர் அரசை எடுத்து நடத்தலாம். வரி வாங்கலாம், பெண் கொடுத்துப் பெண் எடுக்கலாம், கப்பல் கட்டலாம், சண்டை போடலாம். பையன் எடுத்தது விஜயநகரம். வடக்கே பாமினி சுல்தான், வடகிழக்கே ஒடிசாவின் கஜபதி. இருவரும் ஒரே சமயத்தில் பாய்ந்துவிட்டார்கள். போதாததற்குத் தெற்கே கலகம். படையை மூன்றாகப் பிரித்து மூன்று பக்கமும் அனுப்பினான். மூன்றும் அழிந்தன.

"மாமா, கூட்டிப் பார்த்தா ஆள் என்கிட்டதான் அதிகம். ஆனா மூணு எடத்துலயும் நான்தான் தோக்கறேன். எப்படி மாமா?"

அவன் கேட்டது சரியான கேள்வி. கணிதக்காரர்களும் படைத்தலைவர்களும் நூறு வருஷத்துக்கு மேலாகத் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி. அதற்கு விடை தேட அவன் கணினியை மூடிவிட்டு வாசலுக்கு வந்தாலே போதும் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் ஊர் வாசலில் ஒரு பெரிய சாலை ஓடுகிறது. வடக்கே போனால் வேலூர்க் கோட்டை. தெற்கே போளூர், திருவண்ணாமலை. கிழக்கே பிரிகிற கிளை ஆரணிக்குப் போகிறது. மேற்கே ஜவ்வாது மலை சுவர் போல நிற்கிறது. பக்கத்திலேயே சம்புவராயர்களின் தலைநகரம் படைவீடு. ஊரின் பெயரே படை தங்கிய இடம் என்கிறது. 1780-லிருந்து நான்கு வருஷம் இந்த நிலத்தில் நடந்த போர்தான், பல முனைப் போர் என்றால் என்ன என்பதற்கு நம் மண்ணில் கிடைக்கிற ஆகச் சிறந்த பாடம்.

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1780 ஜூலையில் மைசூரின் ஹைதர் அலி எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படையோடு, ஜவ்வாது மலைக்குத் தெற்கே உள்ள செங்கம் கணவாய் வழியாக ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கினார். அவருடைய மகன் கரீம் பரங்கிப்பேட்டையைச் சூறையாடினார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அப்போது இருந்த தொல்லை இது ஒன்று மட்டுமல்ல. பம்பாய்ப் பக்கம் மராத்தியர்களோடு போர். மத்திய இந்தியாவில் மகாதஜி சிந்தியாவோடு போர். வங்காளத்தின் ஓரத்தில் நாகபுரி போன்ஸ்லேயின் படை கட்டக்கில் வந்து உட்கார்ந்திருந்தது. மலபாரில் தலச்சேரி முற்றுகையில் கிடந்தது. ஆற்காட்டுச் சீமையில் ஹைதர். கடலில் பிரெஞ்சுக்காரர்கள். எண்ணிப் பார்த்தால் ஆறு முனை. அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த போரைச் சேர்த்தால், லண்டனில் இருந்தவர்களுக்கு இன்னும் அதிகம். ஹைதராபாத் நிஜாமும் கம்பெனிக்கு எதிரான கூட்டணியில் இருந்தார். காகிதத்தில் பார்த்தால் கம்பெனி பிழைத்திருக்கவே கூடாது.

இனி பையனின் கேள்விக்கு வருவோம்.

எங்கள் ஆயா திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் ஆடு புலி ஆட்டக் கட்டம் வரைவாள். உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து விரிந்து இறங்கும் கோடுகள். குறுக்கே வெட்டும் கோடுகள். மொத்தம் 23 புள்ளி. மூன்று கூழாங்கல் புலி, பதினைந்து புளியங்கொட்டை ஆடு. புலி ஓர் ஆட்டைத் தாண்டி அடுத்த காலிப் புள்ளியில் குதித்தால் ஆடு வெட்டுப்படும். புலி எந்தப் பக்கமும் நகர முடியாதபடி அடைத்துவிட்டால் ஆடு ஜெயிக்கும். நான் ஆடு வைத்து ஆடினால் ஐந்து நிமிஷத்தில் பாதி ஆடு போய்விடும். ஆயா ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொல்வாள்: "தனி ஆட்டை நிறுத்தாதடா. அதும் பின்னால எடம் காலியா இருந்தா புலி தாண்டும். ரெண்டு ஆட்டை முதுகோட முதுகு ஒட்டி வை. எந்தப் புலியாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

புலி மூன்றுதான். ஆடு அதன் ஐந்து மடங்கு. ஆனாலும் எந்த நொடியிலும் புலிக்குப் பக்கத்தில் இருப்பது ஓர் ஆடு மட்டும் என்றால், மீதி பதினான்கு ஆடு கட்டத்தில் எங்கே நின்றாலும் பயனில்லை. மொத்தக் கணக்கு வேறு, அந்த இடத்துக் கணக்கு வேறு. பையன் கூட்டிப் பார்த்தது மொத்தக் கணக்கு. எதிரி பார்த்தது அந்த இடத்துக் கணக்கு.

இதைக் கணிதமாக எழுதியவர் பிரெடரிக் லாஞ்செஸ்டர். இங்கிலாந்தில் மோட்டார் கார் செய்த பொறியாளர். 1916-ல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, விமானப் போரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் கேட்ட கேள்வி எளிமையானது. வாளால் சண்டை போட்டால் ஒருவன் ஒருவனோடுதான் மோத முடியும். ஆயிரம் பேர் வந்தாலும் முன்வரிசைதான் வெட்டும், பின்வரிசை காத்திருக்கும். துப்பாக்கி வந்த பிறகு அப்படி இல்லை. எல்லோரும் எல்லோரையும் சுடலாம். அப்போது ஆள் எண்ணிக்கை கூடினால் இரண்டு லாபம்: நம்மிடமிருந்து போகிற குண்டு அதிகம், வருகிற குண்டோ நிறைய பேர் மேல் பரவி விழுகிறது. ஒரே எண்ணிக்கை இரண்டு முறை வேலை செய்வதால் படையின் பலம் ஆள் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் என்று அவர் காட்டினார்.

இதன் விளைவைக் கையால் போட்டுப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் ஆயிரம் பேர். திறமையும் ஆயுதமும் சமம். ஒருவர் தன் ஆயிரத்தை ஐந்நூறு ஐந்நூறாகப் பிரித்து இரண்டு ஊரில் நிறுத்திவிட்டார். மற்றவர் ஆயிரத்தையும் ஒரே கட்டாக வைத்து முதல் ஊரைத் தாக்குகிறார். ஆயிரத்தின் வர்க்கம் பத்து லட்சம். ஐந்நூறின் வர்க்கம் இரண்டரை லட்சம். கழித்தால் ஏழரை லட்சம்; அதன் வர்க்கமூலம் 866. அதாவது ஐந்நூறு பேரை ஒழிக்க அவர் இழந்தது 134 பேர்தான். அதே 866 பேரோடு அடுத்த ஊருக்குப் போகிறார். ஏழரை லட்சத்தில் இரண்டரை லட்சம் போனால் ஐந்து லட்சம், வர்க்கமூலம் 707. எதிரியின் ஆயிரமும் அழிந்துவிட்டது, இவரிடம் இன்னும் எழுநூறு பேர் உயிரோடு நிற்கிறார்கள். ஒரே இடத்தில் மோதியிருந்தால் சமமாக முடிந்திருக்க வேண்டிய சண்டை. வாள் சண்டையில் இந்த வித்தியாசம் வராது. பிரித்தாலும் சேர்த்தாலும் ஆயிரத்துக்கு ஆயிரம் தீர்ந்துபோகும்.

உண்மைப் போர் இவ்வளவு சுத்தமாக நடக்காது. மழை, பயம், வெடிமருந்து எல்லாம் கணக்கைக் கலைக்கும். ஆனாலும் 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் நடந்ததைப் படிக்கும்போது ஆயாவின் தனி ஆடு எனக்கு ஞாபகம் வராமல் போனதில்லை.

கம்பெனிக்கு அப்போது இந்தப் பக்கத்தில் இரண்டு படை. பரங்கிமலையிலிருந்து கிளம்பிய ஹெக்டர் மன்றோவிடம் சுமார் ஐயாயிரம் பேர். வடக்கே குண்டூரிலிருந்து கர்னல் வில்லியம் பெய்லியின் படை வந்துகொண்டிருந்தது. இரண்டும் காஞ்சிபுரத்தில் சேர வேண்டும் என்பது திட்டம். பெய்லி கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு வந்தபோது ஆற்றில் வெள்ளம். ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 3 வரை வடகரையிலேயே காத்துக் கிடந்தார். அந்த நாட்களில் ஹைதரும் அவர் மகன் திப்புவும் இருவருக்கும் நடுவே வந்துவிட்டார்கள். செப்டம்பர் 6-ல் பேரம்பாக்கத்தில் திப்பு பெய்லியைத் தாக்கினார். மன்றோ அப்போது சுமார் 14 மைல் தொலைவில் காஞ்சிபுரத்தில் இருந்தார். பீரங்கிச் சத்தம் அவருக்குக் கேட்டது. அவர் படை முழுவதோடும் போகவில்லை. ஏறத்தாழ ஆயிரம் பேரைப் பிரித்து உதவிக்கு அனுப்பினார். அதனால் பெய்லியின் படை கொஞ்சம் பெரிதானது, மன்றோவின் படை சிறிதானது, இரண்டும் சேரவில்லை.

செப்டம்பர் 10 காலை பொள்ளிலூரில் ஹைதரின் முழுப் படையும் பெய்லியின் ஏறக்குறைய 3,800 பேரைச் சூழ்ந்தது. மைசூரின் இரும்புக் குழாய் ராக்கெட்டுகள் பறந்தன. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. மத்தியானத்துக்குள் அந்தப் படை இல்லை. செத்தவர் போக மற்றவர் கைதானார்கள். பெய்லியும் கைதாகி, 1782-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே இறந்தார். சேதி தெரிந்த மன்றோ தன் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பி ஓடினார். ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தச் சண்டையை ஓவியமாக இன்றும் பார்க்கலாம்.

அப்படியானால் படையை எப்போதும் ஒரே கட்டாக வைத்திருந்தால் போதுமா? போதாது. ஒரு கணக்கு சொல்கிறேன். மூன்று கணவாய்; இருவரிடமும் தலா ஆறு பிரிவு. யார் இரண்டு கணவாயில் அதிகப் பிரிவு வைக்கிறாரோ அவருக்கே வெற்றி. இரண்டு, இரண்டு, இரண்டு என்று சமமாக வைத்தவரை, மூன்று, மூன்று, பூஜ்யம் என்று வைத்தவர் ஜெயிப்பார். அவரை, நான்கு, ஒன்று, ஒன்று என்று வைத்தவர் ஜெயிப்பார். ஆனால் அந்த நான்கு, ஒன்று, ஒன்றை, முதலில் தோற்ற இரண்டு, இரண்டு, இரண்டு ஜெயித்துவிடும். காகிதம் எடுத்துப் போட்டுப் பாருங்கள். சுற்றிச் சுற்றி வரும். பிரெஞ்சுக் கணிதர் எமில் பொரெல் 1921-ல் இப்படிப்பட்ட ஆட்டங்களை ஆராயத் தொடங்கினார். பின்னால் வந்தவர்கள் இதற்குக் கர்னல் பிளாட்டோ ஆட்டம் என்று பெயர் வைத்தார்கள். இதில் எப்போதும் ஜெயிக்கிற பங்கீடு என்று ஒன்று கிடையாது. எதிரி என்ன பங்கீடு செய்திருக்கிறான் என்று தெரிந்தவனுக்குத்தான் லாபம். அதனால்தான் குதிரை ஒற்றர்களை அதிகம் வைத்திருந்த ஹைதருக்குப் போரின் முதல் வருஷத்தில் அவ்வளவு வெற்றி கிடைத்தது. ஆங்கிலேயப் படை எங்கே தங்கியது, எப்போது கிளம்பியது என்பது அவருக்கு அன்றன்றைக்குத் தெரிந்தது. ஆங்கிலேயத் தளபதிகள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல நடந்தார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆள் கணக்கு. என்னைக் கேட்டால், இந்தப் போரைத் தீர்மானித்தது ஆள் அல்ல, மாடு.

ஒரு கணக்குப் போடலாம். எண்கள் விளங்கிக்கொள்வதற்காக நானே வைத்துக்கொள்பவை. பத்தாயிரம் வாய், ஒரு வாய்க்கு நாளைக்கு ஒரு கிலோ அரிசி. ஒரு பொதிமாடு நூறு கிலோ சுமக்கும். ஒரு நாள் சோற்றுக்கு நூறு மாடு. முப்பது நாளுக்கு மூவாயிரம் மாடு. இது வழியெல்லாம் புல் இருந்தால். புல் இல்லையென்றால் மாட்டுக்கும் தீனி சுமக்க வேண்டும். நாளைக்கு இரண்டு கிலோ என்றால் முப்பது நாளில் தான் சுமந்த நூறில் அறுபதைத் தானே தின்றுவிடும். மிஞ்சுவது நாற்பது. இப்போது அதே பத்தாயிரம் பேருக்கு 7,500 மாடு வேண்டும். ஐம்பது நாள் பயணம் என்றால் மாடு போய்ச் சேரும்போது மூட்டை காலி. எத்தனை ஆயிரம் மாடு ஓட்டினாலும் ஒரு மணி அரிசி போய்ச் சேராது. அந்தக் காலத்துப் படையில் சிப்பாயைவிட அவன் பின்னால் வந்தவர்கள் பல மடங்கு அதிகம் என்பதையும் இதில் சேர்க்க வேண்டும்.

ஹைதருக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். உள்ளே வந்ததும் சென்னையையும் வேலூரையும் சுற்றி அகலமான வட்டம் போட்டு ஊர்களைக் கொளுத்தினார். மாடுகளை மைசூருக்கு ஓட்டிப் போனார். ஆங்கிலேயப் படை அந்த வட்டத்தைத் தாண்ட வேண்டுமானால் புல்லும் சுமந்துதான் வர வேண்டும். வேலூருக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர்ப்பக்கம் அதற்குத் தப்பியிருக்க வழியே இல்லை. மடிக்கணினியில் ஒரு மாவட்டம் பாழானால் அதன் நிறம் கொஞ்சம் மங்கும். இங்கே அது உழுதவனின் மாடு, விதை நெல், வீட்டுக் கூரை.

ஹைதரிடமோ மைசூரின் அம்ருத்மஹால் மாடுகள் இருந்தன. பீரங்கி இழுக்கவென்றே வளர்த்த இனம். 1781 ஜூனில் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் சிதம்பரம் கோயிலைத் தாக்கியபோது, அதைக் காக்க ஹைதர் நூறு மைலை இரண்டரை நாளில் கடந்தார் என்று அந்த மாடுகளின் பெருமையை எழுதிவைத்திருக்கிறார்கள். அப்போது கோயில் மதில்தான் கோட்டை மதில். கூட்டால் அதை எடுக்க முடியவில்லை.

இந்த ஐர் கூட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1760 ஜனவரி 22-ல் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்களை ஒடித்தவர். இருபது வருஷம் கழித்து, 1780 நவம்பரில், வயதும் நோயுமாக வங்காளத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கினார். 1781 ஜூலை 1-ல் பரங்கிப்பேட்டையில் ஜெயித்தார். ஆகஸ்ட் 27-ல் பொள்ளிலூரில், செப்டம்பர் 27-ல் சோளிங்கரில் ஹைதரோடு மோதினார். ஒவ்வொரு முறையும் ஹைதர் பின்வாங்கினார். ஒரு முறையும் கூட்டால் துரத்திப் போக முடியவில்லை. சோற்று மூட்டை எங்கே தீருகிறதோ அங்கே அவருடைய வெற்றியும் நின்றது. வேலூர்க் கோட்டை முற்றுகையில் கிடந்தது. அதற்கு அரிசி கொண்டு சேர்ப்பதற்காகவே 1781 நவம்பரிலும் 1782 ஜனவரியிலும் படை முழுவதும் நடந்தது. ஜனவரிப் பயணத்தின்போது கூட்டுக்குப் பக்கவாதம் போல வந்து விழுந்தார். மறுநாள் தூக்கிக்கொண்டு போனார்கள். அரிசி வேலூர் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் ஆரணி. ஹைதரின் பெரிய உணவுக் கிடங்கு ஆரணிக் கோட்டையில் இருந்தது. 1782 ஏப்ரலில் கடலூர் பிரெஞ்சுக்காரர் வசம் போனது. ஹைதர் பலமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். அங்கே போய் முட்டினால் தலைதான் உடையும். அப்போது கூட் எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. அவர் ஹைதரை நோக்கிப் போகவில்லை, ஹைதரின் அரிசியை நோக்கித் திரும்பினார். தெரிந்த உடனே ஹைதர் திப்புவை ஆரணிக்கு விரட்டினார். தானும் பின்னாலேயே கிளம்பினார். ஜூன் 2-ஆம் தேதி ஆரணிக்கு முன்னால் சண்டை. கூட்டுக்குக் கிடைத்தது ஒரு பீரங்கியும் சில வெடிமருந்து வண்டிகளும். கோட்டை கிடைக்கவில்லை. அவருடைய சொந்த மூட்டை தீர்ந்துகொண்டிருந்ததால் திரும்பிவிட்டார். சண்டையாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் அசையாத எதிரியை அசைக்க அவன் ஆளைத் தொட வேண்டாம், அவன் சோற்றுப் பானையைத் தொட்டால் போதும் என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் நாள் ஒன்றை நான் படித்ததில்லை.

கடல் முனையின் கணக்கைக் காற்று எழுதியது. சோழமண்டலக் கரையில் அப்போது கப்பலுக்கு ஒதுங்க ஒரு நல்ல துறைமுகம் இல்லை. அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் நங்கூரம் போட்டு நிற்க முடியாது. போரோ போரில்லையோ கிளம்பிவிட வேண்டும். இந்தப் பக்கத்தில் பாதுகாப்பான இயற்கைத் துறை திருகோணமலை ஒன்றுதான். அதை 1782 ஜனவரியில் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஆகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் பிடுங்கிக்கொண்டார். அக்டோபரில் ஆங்கிலேயக் கடற்படையின் ஹியூஸ் பம்பாய்க்குப் பாய் விரித்தார். அக்டோபர் 15-ல் சென்னையில் புயல். துறையில் நின்ற அரிசிக் கப்பல்கள் உடைந்தன. சுற்றிலும் எரிந்த ஊர்களிலிருந்து ஓடிவந்த ஜனம் சென்னைத் தெருக்களில் நிறைந்திருந்தது. பஞ்சத்தில் தெருவில் செத்தார்கள்.

விளையாட்டில் இல்லாத இன்னொன்று சேதி. பையன் ஒரு விசையைத் தட்டினால் உலகமே நின்றுவிடும். எல்லா முனையையும் நிதானமாகப் பார்த்துவிட்டு மறுபடி ஓடவிடலாம். 1782-ல் அது முடியாது. அந்த வருஷம் டிசம்பர் 7-ல் சித்தூருக்குப் பக்கத்தில் நரசிங்கராயன்பேட்டை முகாமில், முதுகில் வந்த ராஜபிளவையால் ஹைதர் இறந்தார். திப்பு அப்போது மலபார் முனையில், பொன்னானியில். அமைச்சர்கள் பூர்ணய்யாவும் கிருஷ்ணராவும் மரணத்தை மறைத்தார்கள். விலையுயர்ந்த பொருள் போவது போலப் பெட்டியில் வைத்து உடலை அனுப்பினார்கள். நாலைந்து நாளில் சேதி திப்புவுக்குப் போனது. வருஷம் திரும்பும் சமயத்தில் அவர் படைக்கு வந்து சேர்ந்தார். தலைவன் இல்லாத அந்த இடைவெளியில் சென்னையிலிருந்து ஆங்கிலேயத் தளபதி ஜெனரல் ஸ்டூவர்ட் கிளம்பவே இல்லை.

இதைவிட மனதைப் பிசைவது கடலூர். 1783 ஜனவரி 20-ல் இங்கிலாந்தும் பிரான்சும் வெர்சாயில் சமாதானத்துக்கு முதல் கையெழுத்துப் போட்டுவிட்டன. கப்பலில் சேதி சென்னை வர ஜூன் மாதக் கடைசி ஆகிவிட்டது. நடுவில் ஜூன் 13-ல் கடலூர் மதிலுக்கு வெளியே பெரும் சண்டை. ஜூன் 20-ல் கடலில் சண்டை. இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கில் செத்தவர்கள், ஐந்து மாதம் முன்னாலேயே முடிந்துவிட்ட போரில் செத்தார்கள்.

ஆறு முனையில் கம்பெனி எப்படிப் பிழைத்தது? சண்டையில் அல்ல. கல்கத்தாவில் உட்கார்ந்திருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் ஒவ்வொரு முனையாக மூடினார். நிஜாமுக்குக் குண்டூரைத் திருப்பிக் கொடுத்தார். அவர் கூட்டணியை விட்டார். நாகபுரி போன்ஸ்லேக்குப் பணம் போனது. கட்டக்கில் இருந்த படை அசையவில்லை. அந்த வழியாகவே கர்னல் பியர்ஸின் வங்காளப் படை நடந்து வந்து 1781 ஆகஸ்டில் கூட்டோடு சேர்ந்தது. சிந்தியாவின் குவாலியர்க் கோட்டையை 1780 ஆகஸ்டில் ஓர் இரவு ஏணி வைத்து ஏறிப் பிடித்தார்கள். அவரோடு 1781 அக்டோபரில் தனிச் சமாதானம். அவரையே தூதராக்கி 1782 மே 17-ல் மராத்தியர்களோடு சால்பாய் ஒப்பந்தம். கம்பெனி பிடித்த ஊர்களில் பலவற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தார்கள். பூனாவின் நானா பட்னாவிஸ் மட்டும் ஹைதர் இருக்கும்வரை இழுத்தடித்தார்; ஹைதர் இறந்த பிறகே அந்த ஒப்புதல் முழுமையானது. ஹேஸ்டிங்ஸின் வேறு செயல்கள் பலவற்றை என்னால் ஏற்க முடியாது. ஆனால் எந்த முனையை எந்த விலைக்கு மூடுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

களத்தில் அவரைவிடப் பெரியவர் ஹைதர்தான் என்பது என் தீர்ப்பு. அவருடைய குறை வேறு இடத்தில் இருந்தது. அவருடைய திட்டத்தின் பாதி மற்றவர் கையில் இருந்தது. நிஜாம் விலகினார், மராத்தியர் விலகினார்கள். பிரெஞ்சுத் தரைப்படையின் பெரிய தளபதி புஸ்ஸி வந்து இறங்கியது 1783 மார்ச்சில். வரவேற்க ஹைதர் இல்லை. தரையில் ஆங்கிலேயரை எத்தனை முறை ஒடித்தாலும் கடலைத் தன்னால் வற்றவைக்க முடியாதே என்று கடைசி நாட்களில் அவர் வருந்தியதாகச் சொல்வார்கள்.

பையனுக்கு இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. இரண்டு நாளில், சாப்பாட்டு நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். அவன் பழைய இடத்திலிருந்து மறுபடி ஆடினான். கஜபதிக்கு இரண்டு மாவட்டம் கொடுத்துத் தனிச் சமாதானம் செய்தான். தெற்கே கலகத்தை அப்படியே விட்டான். மூன்று படையையும் ஒன்றாக்கி வடக்கே கொண்டுபோனான். "இப்ப பாமினி பின்வாங்கறான் மாமா" என்றான். "சோறு இருக்கா பாரு" என்றேன்.

இங்கே அந்தப் போர் 1784 மார்ச் 11-ல் மங்களூர் ஒப்பந்தத்தோடு முடிந்தது. இரண்டு பக்கமும் பிடித்த ஊர்களைத் திருப்பிக் கொடுத்தன. 1780 ஜூலையில் எல்லை எங்கே இருந்ததோ அங்கேயே வந்து நின்றது. 1782 பஞ்சத்தில் சென்னையில் ஒரு மணியக்காரர் ஊர் இழந்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய சத்திரம் மட்டும் போர் முடிந்தும் மூடவில்லை. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. வடசென்னைப் பெரியவர்களைக் கேளுங்கள், அதற்குக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் பெயர் சொல்வார்கள்.